காவிரி டெல்டாவில் வீட்டு வாசலுக்கு கான்கிரீட் பாதை: செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை கார் போய் வர ஒரு கான்கிரீட் தளம். கேட்கும்போது சின்ன வேலையாகத்தான் தெரியும். திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் பல வருஷமாகக் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்து வருகிறேன். வீடு கட்டி முடித்தவர்கள் இரண்டு மூன்று வருஷம் கழித்து வருத்தத்தோடு கூப்பிட்டுக் காட்டுவது பெரும்பாலும் இந்த வாசல் தளத்தைத்தான். அஸ்திவாரத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டவர்கள்கூட, வாசலுக்கு வரும்போது "சதுர அடி என்ன ரேட்டு?" என்ற ஒரே கேள்வியோடு முடித்துவிடுகிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சதுர அடிக்கு என்ன ஆகும்? ஒரே வார்த்தையில் சொல்ல முடியாதா?

சொல்லலாம், ஆனால் அது உங்களுக்கு உதவாது. ஒரே வாசலுக்கு ஒருவர் 100 ரூபாய் சொல்வார், இன்னொருவர் 215 ரூபாய் சொல்வார். இரண்டு பேருமே ஏமாற்றவில்லை என்றும் இருக்கலாம். முதலாமவர் மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, 4 அங்குலத்துக்குக் கம்பி இல்லாமல் கான்கிரீட்டைக் கொட்டித் தேய்த்துக் கொடுப்பார். இரண்டாமவர் களிமண்ணை வெட்டி எடுத்து, கிராவல் (சின்னக் கற்கள் கலந்த மண்) நிரப்பி இறுக்கி, அதன்மேல் ஒன்றரை அங்குல ஜல்லிக் கான்கிரீட் போட்டு, அப்புறம்தான் மேல்தளத்துக்கு வருவார். முடித்த அன்றைக்குப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரிய இரண்டு ஐப்பசி போக வேண்டும்.

அதனால் ரேட்டைக் கேட்பதற்கு முன் "கீழே என்ன போடப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள்.

சரி, ஒரு முழுக் கணக்கைக் காட்டுங்கள்.

10 அடி அகலம், 40 அடி நீளம், ஆக 400 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். களிமண் பூமி, கார் மட்டும் போகும், மேல்தளம் 5 அங்குலம். விலைகளை இந்தக் கணக்குக்காக நான் வைத்துக்கொள்கிறேன்: சிமென்ட் மூட்டை 350, எம்-சாண்ட் யூனிட் 6,000, ஜல்லி யூனிட் 5,000, கிராவல் யூனிட் 3,000, கம்பி கிலோ 65, கொத்தனார் சம்பளம் 1,200, ஆள் சம்பளம் 700. யூனிட் என்றால் 100 கன அடி, எம்-சாண்ட் என்றால் கல்லை உடைத்துச் செய்த மணல். உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் விலையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அளவுகள் மாறாது.

முதலில் பூமிக்குக் கீழே. ஜேசிபி வைத்து ஒரு அடி ஆழம் வெட்டி மண்ணை ஒதுக்க 4,000. இறுக்கிய பிறகு 9 அங்குலம் நிற்கும்படி கிராவல் நிரப்ப வேண்டும். இறுகும்போது மட்டம் கீழே போகும், அதனால் 300 கன அடி இடத்துக்கு 4 யூனிட் வாங்க வேண்டும்: 12,000. ரோலர் அல்லது இறுக்கும் மிஷின் வாடகை 2,000. அதன்மேல் 3 அங்குலத்துக்கு அடிக் கான்கிரீட்: 1:4:8 கலவை (சிமென்ட் ஒரு பங்கு, சாண்ட் நான்கு, ஜல்லி எட்டு), ஒன்றரை அங்குல ஜல்லியில். 10 மூட்டை சிமென்ட், அரை யூனிட் எம்-சாண்ட், ஒரு யூனிட் ஜல்லி: 11,500. இதுவரை 29,500.

இப்போது மேல்தளம். 400 சதுர அடிக்கு 5 அங்குலம் என்றால் சுமார் 167 கன அடி கான்கிரீட். 1:1½:3 கலவைக்கு (எம் 20 என்ற பலத் தரத்துக்கான கலவை இதுதான்) கணக்குப்படி 38 மூட்டை. சேதாரம் சேர்த்து 40 மூட்டை, முக்கால் யூனிட் எம்-சாண்ட், ஒன்றரை யூனிட் முக்கால் அங்குல ஜல்லி: 26,000. 8 மி.மீ. கம்பியை அடிக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் கட்டினால், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டும் நீளத்தையும் சேர்த்துச் சுமார் 110 கிலோ: 7,150. அடியில் விரிக்க பாலித்தீன் தாள் 1,200.

கூலி: அடிக் கான்கிரீட்டுக்கு ஒரு நாள் 4,700, பலகை அடித்துக் கம்பி கட்ட ஒரு நாள் 3,100, மேல்தளம் போடும் நாளில் 2 கொத்தனார், 8 ஆள், மிக்சர், வைப்ரேட்டர் (கலவையை அதிர வைத்து இறுக்கும் மிஷின்) எல்லாம் சேர்த்து 12,000. டீ, வடையோடு 20,000 என்று வையுங்கள். தளத்தில் ஜாயிண்ட் கோடு வெட்ட 2,000.

மொத்தம் ஏறக்குறைய 86,000 ரூபாய், சதுர அடிக்கு 215. அடிக் கான்கிரீட்டின் கூலியையும் தாளையும் சேர்த்துப் பார்த்தால், இதில் 35,000 ரூபாய்க்கு மேல் கண்ணுக்கே தெரியாத இடத்துக்குப் போகிறது. 100 ரூபாயில் 40 ரூபாய். "இதை மட்டும் விட்டுடலாமே" என்று எல்லோரும் கை வைப்பதும் இந்த 40 ரூபாயில்தான்.

அதை விட்டால் என்ன ஆகும்?

என் சொந்த வாசலில் பட்டதைச் சொல்கிறேன். வீடு மன்னார்குடிப் பக்கம், பாசன வாய்க்காலிலிருந்து முப்பது அடி தள்ளி. வீட்டு வேலை முடிந்து கையில் காசு குறைந்திருந்த நேரம். மேஸ்திரி "நல்ல கெட்டித் தரைண்ணே, ஒண்ணும் ஆவாது" என்றார். அது சித்திரை மாதம். தரை கல் மாதிரிதான் இருந்தது. மண்ணை மேலாகச் சீவிவிட்டுத் தளத்தைப் போட்டோம். கார்த்திகையில் நடுப்பகுதி லேசாகத் தூக்கிக்கொண்டு, கேட் அடியில் தட்டியது. அடுத்த வைகாசியில் ஓரங்கள் இறங்கின. டயர் போகும் தடத்தில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு, விரல் நுழையும் அளவுக்கு. அந்த வெடிப்பில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன். தளத்துக்குக் கீழே நான்கு அங்குலம் வெற்றிடம்.

காரணம் எளிமையானது. டெல்டாவின் களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் வயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறார்கள். நடுவில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்கிறது. ஆக வருஷத்தில் ஏழெட்டு மாதம் மண் ஊறிக் கிடக்கிறது, மீதி மாதங்கள் காய்கிறது. வீட்டுச் சுவர் கனத்தால் தன் இடத்தை ஓரளவு அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். 5 அங்குலத் தளத்துக்கு அந்தக் கனம் கிடையாது. மண் தூக்கினால் தூக்கும், இறங்கினால் அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கும்போது கார் ஏறினால் உடையும்.

கிராவலின் வேலை, இந்த ஆட்டத்துக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு அசையாத படுக்கையாக நிற்பது. தண்ணீர் பட்டாலும் அது உப்பாது.

என் ஊர் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம். எனக்கும் இவ்வளவு செலவா?

அநேகமாக இல்லை. கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாவில் மண் பெரும்பாலும் மணல் கலந்தது, வல்லம் பக்கம் செம்மண். அங்கே 4 முதல் 6 அங்குலக் கிராவலே போதும், அடிக் கான்கிரீட்டையும் விட்டுவிடலாம். ஊர் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே தெருவில்கூட மண் மாறும். ஒன்றரை அடிக் குழி தோண்டி, அடிமண்ணில் ஒரு கை எடுத்து நனைத்துப் பிசைந்து, சுண்டுவிரல் கனத்துக்கு உருட்டி வளையல் மாதிரி வளையுங்கள். உடையாமல் வட்டமாக வந்தால் நல்ல களி. பாதியில் உதிர்ந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

எத்தனை அங்குலம் போட வேண்டும்?

பைக்கும் நடையும் மட்டும் என்றால் 4 அங்குலம். கார் என்றால் 5. நெல் மூட்டையோடு டிராக்டர் டிரெய்லர் வரும், எப்போதாவது மினி லாரி ஏறும் என்றால் 6. நம் கணக்கில் 5-ஐ 6 ஆக்கச் சாமான் செலவு சுமார் 5,000 ரூபாய்தான் கூடும், கூலி மாறாது. கிராமத்து வீடுகளுக்கு நான் எப்போதும் 6 என்றுதான் சொல்வேன். இன்றைக்கு வீட்டில் டிராக்டர் இல்லாவிட்டாலும், அறுவடை சமயத்தில் யாராவது ஒருவர் உங்கள் வாசலில்தான் வண்டியைத் திருப்புவார்.

செயின் போட்ட அறுவடை மிஷினை மட்டும் தளத்தின் மேல் திருப்ப விடாதீர்கள். நேராக ஏறி இறங்கினால்கூடப் பரவாயில்லை, நின்ற இடத்தில் திரும்பினால் மேல்பூச்சைப் பெயர்த்துவிடும்.

ஓரங்களை மறந்துவிடுகிறார்கள். வாய்க்கால் பக்கத்தில் நண்டு வளையும் எலி வளையும் தளத்தின் அடியில் போகும். இரண்டு ஓரத்திலும் ஒரு கைப்பிடி அகலத்துக்கு 9 அங்குலம் ஆழமாகக் கான்கிரீட்டை இறக்கிவிட்டால் அது ஒரு வேலி மாதிரி நிற்கும், கார் ஓரம் ஏறினாலும் உடையாது.

கம்பி அவசியமா?

கம்பி வெடிப்பைத் தடுக்காது. வெடித்தால் வாய் பிளக்காமல் பிடித்து வைக்கும். களிமண் பூமியில் அது பெரிய உதவி, அதனால் போடுங்கள் என்பேன். ஆனால் எங்கே வைக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். பல இடங்களில் கம்பியைத் தரையில் விரித்து, கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுவதாகச் சொல்வார்கள். தூக்கிய கையை எடுத்ததும், மிதிக்கிற காலில் அது திரும்பக் கீழே போய்விடும். அடியில் கிடக்கும் கம்பிக்குக் கொடுத்த 7,000 ரூபாய் வீண். தளத்தின் நடுவுக்குச் சற்று மேலே நிற்கும்படி, மூன்றடிக்கு ஒரு கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

எடையையும் சரிபாருங்கள். 12 மீட்டர் நீளமுள்ள 8 மி.மீ. கம்பி ஒன்று சுமார் 4.7 கிலோ இருக்க வேண்டும். பத்துக் கம்பியை எடைபோட்டு 47 கிலோவுக்கு வெகுவாகக் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் ஏன் எங்கள் பக்கம் இவ்வளவு விலை?

டெல்டாவில் கல் கிடையாது. இது பெரும்பாலும் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியிலிருந்துதான் வந்தது. இன்றைக்கும் ஜல்லியும் எம்-சாண்டும் புதுக்கோட்டை, திருச்சி, கரூர் பக்கத்துக் குவாரிகளிலிருந்து டிப்பரில் வருகின்றன. கிழக்கே போகப் போக வாடகை ஏறும். அதே ஜல்லி தஞ்சாவூரில் ஒரு விலை, திருத்துறைப்பூண்டியில் ஒரு விலை, வேதாரண்யத்தில் இன்னொரு விலை. சிமென்ட்டில்தான் நமக்குக் கொஞ்சம் சௌகரியம், அரியலூர் ஆலைகள் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கமே இருக்கின்றன.

டிப்பர் வந்ததும் கொட்டச் சொல்லாதீர்கள். டேப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். நீளம், அகலம், சரக்கின் சராசரி உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100-ஆல் வகுத்தால் யூனிட். உள்ளளவு 10 அடி, ஆறரை அடி, சரக்கு 3 அடி என்றால் 195 கன அடி, அதாவது ஏறக்குறைய 2 யூனிட். நடுவில் குவித்து மூலைகளில் சரிந்து கிடந்தால், மண்வெட்டியால் சமன்படுத்தச் சொல்லிவிட்டு அளக்க வேண்டும். நான் அளக்கப் போய் 3 யூனிட் என்று வந்த வண்டி இரண்டேகாலாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். டிரைவரோடு சண்டை வேண்டாம். அளவுக்குப் பணம் என்று முன்பே பேசிக்கொண்டால் போதும்.

எம்-சாண்ட் என்ற பெயரில், கல் உடைக்கும்போது விழும் கிரஷர் தூளும் வரும். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்குச் சாண்டும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே மாவு மாதிரி தடித்த படலம் படிந்தால் அது தூள். அது சிமென்ட்டையும் தண்ணீரையும் அதிகமாகக் குடிக்கும், மேல்தளம் தூசி தட்டிக்கொண்டே இருக்கும்.

சிமென்ட் விலை குறைந்ததாகச் சொன்னார்களே?

2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முன் வாங்கிய பழைய கொட்டேஷனை யாராவது நீட்டினால் சிமென்ட் வரியைத் திரும்பப் பேசுங்கள். நம் வேலைக்கு 50 மூட்டை வரை வேண்டும், அதனால் அது கவனிக்க வேண்டிய தொகைதான்.

ஆலையில் கலந்து வண்டியில் வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வாங்கினால் லாபமா?

நம் உதாரணத்துக்குத் தேவை சுமார் 4.7 கன மீட்டர். ரெடிமிக்ஸ் வண்டி வழக்கமாக 6 கன மீட்டர் கொள்ளும், குறைந்த லோடுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து போட்டால் கணக்குச் சரியாக வரும். கலவை ஒரே சீராக இருக்கும், இரண்டு மணி நேரத்தில் வேலை முடியும். ஆனால் நிறைந்த வண்டி சுமார் 25 டன். உங்கள் தெருமுனை வாய்க்கால் மதகு அதைத் தாங்குமா, அந்தச் சந்தில் வண்டி திரும்புமா என்று முதலில் பாருங்கள். ஆலை ஒன்றரை மணி நேரத் தூரத்துக்கு மேல் இருந்தால் வேண்டாம். வந்து சேர்வதற்குள் கலவை இறுகத் தொடங்கும், டிரைவர் தண்ணீர் ஊற்றி இளக்குவார், அங்கேயே பலம் போய்விடும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அதிலேயே கலக்கலாமா?

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் இது முக்கியமான கேள்வி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-ன்படி, கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கம்பி இல்லாததற்கு 2,000 வரை அனுமதி. வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரைக் கம்பி போட்ட தளத்துக்குப் பயன்படுத்தவே வேண்டாம். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்து, சில வருஷத்தில் கான்கிரீட்டைத் தானே பெயர்த்துத் தள்ளும். ஒரு டேங்கர் நல்ல தண்ணீர் வாங்குங்கள். கலக்கவும் வேண்டும், முதல் வாரம் நனைக்கவும் வேண்டும். கடலோரத்தில் நல்ல தண்ணீருக்கு வழியே இல்லை என்றால், கம்பியை விட்டுவிட்டுத் தளத்தை 6 அங்குலமாக்கி, ஜாயிண்ட்களை நெருக்கி வெட்டுவது மேல்.

தண்ணீரின் அளவு இதைவிட முக்கியம். ஒரு மூட்டைக்கு 25 முதல் 30 லிட்டருக்குள் நிறுத்த வேண்டும், சாண்ட் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவாக. மிக்சர் பக்கத்தில் 15 லிட்டர் வாளி ஒன்றை வைத்து, மூட்டைக்கு இரண்டு வாளிக்கு மேல் போகாமல் வீட்டில் ஒருவர் நின்று எண்ணுங்கள். கலவை ஓடினால் தள்ளுவது சுலபம், அதனால் ஆட்கள் டியூப்பைத் திறந்துவிடுவார்கள். வெயிலில் வேலை செய்கிறவர்களைக் குறை சொல்ல முடியாது. கூட ஒரு ஆளைப் போட்டு, வைப்ரேட்டரும் வைத்துக் கொடுத்தால் இளக்க வேண்டிய அவசியமே வராது.

ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் வாய்க்கால் ஓடுகிறது. அதன் மேல் எப்படிப் பாதை போடுவது?

அது பாசன வாய்க்காலா, வடிகாலா, ஊராட்சியின் சாக்கடையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாசன வாய்க்கால் என்றால் நீர்வளத் துறையிடமும், ஊர்ச் சாக்கடை என்றால் ஊராட்சியிடமும் எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் சின்னக் குழாய் ஒன்றைப் புதைத்து மூடிவிடுவது நிறைய நடக்கிறது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு வீட்டின் 9 அங்குலக் குழாயில் ஆகாயத்தாமரை சிக்கினால் மேலே பத்து வீட்டு வாசலிலும், அதற்கும் மேலே வயலிலும் தண்ணீர் நிற்கும். கடைமடைக்கு நீர் போகாது. சிமென்ட் குழாய் என்றால் உள்ளே மண்வெட்டி விட்டுத் தூர் வார முடிகிற அளவாவது வேண்டும். வசதி இருந்தால் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி மேலே சிலாப் போடுவதே சரி. இந்தச் செலவு தளக் கணக்கில் சேராது, தனியாக ஒதுக்குங்கள்.

எந்த மாதத்தில் போடுவது நல்லது?

மாசி, பங்குனி. மழை ஓய்ந்து, வாய்க்கால் தண்ணீர் நின்று, மண் முழுக்கக் காயாமலும் ஊறாமலும் இருக்கும் நேரம். தை மாதம் அறுவடை, ஆள் கிடைப்பது சிரமம். சித்திரை, வைகாசியில் போடுவதானால் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் தேய்த்து முடியுங்கள், முந்தின நாளே அடித்தளத்தை நன்றாக நனைத்து வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம்.

எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும்? கார் எப்போது ஏற்றலாம்?

சாதாரண சிமென்ட்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்டுக்கு 10 நாள். கடையில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் பிபிசிதான், அதனால் 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கலவையிலேயே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி. நம் ஊரில் வைக்கோல் பரப்பி நனைப்பார்கள். ஈரம் நிற்கும், ஆனால் மஞ்சள் கறை பிடிக்கும். சணல் சாக்கு மேல். காரை இரண்டு வாரம் கழித்தும், லோடு டிராக்டரை 28 நாள் கழித்தும் ஏற்றுங்கள்.

ஜாயிண்ட் எதற்கு? அழகு கெட்டுவிடாதா?

கான்கிரீட் காயும்போது சுருங்கும், எங்காவது வெடிக்கத்தான் செய்யும். எங்கே வெடிக்க வேண்டும் என்று நாம் கோடு போட்டுக் கொடுப்பதுதான் ஜாயிண்ட். 10 அடி அகலப் பாதைக்குப் பத்தடிக்கு ஒன்று, தளத்தின் கனத்தில் கால் பங்கு ஆழம், போட்ட மறுநாளுக்குள் மிஷினில் வெட்ட வேண்டும். ஒரு வாரம் கழித்து வெட்டுவதில் பயன் இல்லை, அதற்குள் அது தன் இஷ்டத்துக்கு வெடித்திருக்கும். வீட்டுச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் அரை அங்குலத் தெர்மகோல் வைத்துப் பிரித்துவிடுங்கள். தளம் ஆடினாலும் சுவரை இழுக்காது.

செலவைக் குறைக்க நேர்மையான வழி ஏதாவது?

இருக்கிறது, அதிகம் பேர் செய்வதில்லை. டயர் போகும் இரண்டு தடங்களுக்கு மட்டும், ஒவ்வொன்றும் இரண்டரை அடி அகலத்தில் தளம் போடுங்கள். 400 சதுர அடி 200 ஆகிவிடும். நடுவில் புல்லோ கிராவலோ இருக்கட்டும். மழைத் தண்ணீர் அங்கேயே இறங்கும், தென்னைக்கும் வேர் மூச்சு விட இடம் கிடைக்கும். அடித்தளத்தில் கிராவல், அடிக் கான்கிரீட் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் கிராவலை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள், நம் உதாரணத்தில் 16,000 ரூபாய் மிச்சம்.

பேவர் பிளாக்கும் களிமண்ணுக்குக் கெட்ட தேர்வு இல்லை. இறங்கிய இடத்தில் கல்லை எடுத்து, தூள் நிரப்பி, திரும்ப வைக்கலாம். ஆனால் அதற்கும் கிராவல் படுக்கை வேண்டும்.

பழைய தளம் வெடித்திருக்கிறது. மேலே 2 அங்குலம் போட்டு மறைக்கலாமா?

வேண்டாம். கீழே உள்ள வெடிப்பு அடுத்த மழைக்கே மேலே வந்துவிடும். உடைத்து எடுத்து, அந்தத் துண்டுகளையே அடித்தளத்தில் போட்டு இறுக்குங்கள், கிராவல் செலவில் கொஞ்சம் குறையும். தவிர, ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்கிறது என்பதற்காகத் தளத்தை உயர்த்திக்கொண்டே போனால், ஒரு நாள் தண்ணீர் வீட்டுக்குள் திரும்பும். வாட்டத்தை (தண்ணீர் ஓடும் சரிவை) வீட்டிலிருந்து வெளியே, அடிக்குக் கால் அங்குலம் என்று வையுங்கள். ரோடு உங்களைவிட உயரமாக இருந்தால் வாட்டத்தைப் பக்கவாட்டில் தோட்டத்துக்குத் திருப்புங்கள்.

மழையில் வழுக்காமல் இருக்க வேண்டும், கோலமும் போட வேண்டும். என்ன செய்வது?

கார் போகும் இடம் முழுக்க, தேய்த்து முடித்து லேசாக இறுகியதும் விளக்குமாற்றால் குறுக்கே இழுக்கச் சொல்லுங்கள். செலவு எதுவும் இல்லை. வாசற்படிக்கு முன் மட்டும் ஐந்தடிக்கு ஐந்தடி வழவழப்பாகத் தேய்த்து விடுங்கள். இதை முதலில் சொன்னது என் அம்மா. சொரசொரப்பில் மாக்கோலம் கோடு பிடிக்காது, சாணி தெளித்தாலும் கழுவ வராது. அன்றிலிருந்து எந்த வீட்டு வேலையிலும் கொத்தனாரிடம் பேசும் முன், கோலம் போடுகிறவர்களிடம் இடம் எது என்று கேட்டுவிடுகிறேன்.

இப்போது கையில் பாதிப் பணம்தான் இருக்கிறது. காத்திருப்பதா, மெலிசாகப் போட்டு முடிப்பதா?

இரண்டும் வேண்டாம். பாதி வேலையை முழுசாகச் செய்யுங்கள். களிமண்ணை வெட்டி எடுத்து, பின்னால் தண்ணீர்க் குழாயும் வயரும் நுழைக்க, பாதைக்குக் குறுக்கே ஒரு பிவிசி குழாய் புதைத்துவிட்டு, கிராவலை மூன்று அங்குலத்துக்கு ஒரு முறை நனைத்து இறுக்கி நிரப்புங்கள். நம் கணக்குப்படி 20,000 ரூபாய்க்குள் முடியும். அதன் மேலேயே காரை ஓட்டுங்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை போகட்டும். எங்கே குழி விழுகிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று மழையே காட்டிக்கொடுக்கும். அந்த இடங்களில் இன்னும் அரை யூனிட் கிராவல் போட்டுச் சரிசெய்துவிட்டு, மாசி பிறந்ததும் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.